கடலை நோக்கிச் செல்லும் சின்னஞ்சிறு நிலையங்கள்

இராமேசுவரம் சென்று திரும்பியவர்களிடம், "வழியில் என்ன கண்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் தரும் விடை ஒன்றேதான்: பாம்பன் பாலம். அப்பாலத்திற்கு முன்னே வண்டி நின்று நின்று வந்த ஊர்களின் பெயர்களைக் கேட்டால் விழிப்பார்கள். பெரிய காட்சியைக் காணும் ஆவலில் சிறிய காட்சிகளை நாம் விட்டுவிடுகிறோம். ஆனால் வரலாற்று மாணவனுக்குச் சிறியது என்று ஒதுக்கத்தக்கது எதுவுமில்லை.

நான் திருமயத்தைச் சேர்ந்தவன். எங்கள் ஊர் நிலையத்தைத் தொட்டுச் செல்லும் இருப்புப்பாதையின் மறுமுனையில் கடல் இருக்கிறது. இந்த எண்ணமே என்னை இந்த முயற்சிக்குத் தூண்டியது. கடந்த இரண்டு ஆண்டுகளின் விடுமுறை நாட்களில், விலங்கியல் பயிலும் என் நண்பருடன், இப்பாதையில் உள்ள சிறு நிலையங்களைப் பார்த்து வந்தேன். ஒரே மூச்சில் அல்ல. ஒருநாள் காரைக்குடி வரை, மற்றொரு நாள் மானாமதுரைக்கு அப்பால், வண்டி கிடைக்காத இடங்களுக்குப் பேருந்தில் என்று பகுதி பகுதியாகச் சென்றோம். கண்டவற்றையும், நூல்களாலும் பெரியவர்களாலும் அறிந்தவற்றையும் தொகுத்து இங்கே தருகிறேன்.

பாதை பிறந்த வரலாறு

தென்னாட்டில் முதல் இருப்புப்பாதை 1856இல் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் சென்றது. நம் பக்கத்துக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாக மண்டபம் வரை பாதை திறக்கப்பட்டது 1902இல். அதற்கப்பால் கடல். கடலைக் கடக்கும் பாம்பன் பாலம் 24-2-1914 அன்று திறக்கப்பட்டது. அதன்பின் சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலேறிச் சுமார் 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் வண்டியேறிக் கொழும்பு சேர முடிந்தது. 1914க்கு முன் இலங்கைக்குச் செல்வோர் தூத்துக்குடி சென்று கப்பலேற வேண்டியிருந்தது. இந்த இணைப்பு வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'போட் மெயில்'. கப்பல் நின்று பல ஆண்டுகள் ஆகியும் சென்னை–இராமேசுவரம் வண்டிக்கு இன்றளவும் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது.

அப்போதெல்லாம் நம் ஊர்களுக்கு வண்டி கிடையாது. திருச்சியிலிருந்து கடலுக்குச் செல்லும் வண்டி மதுரையைச் சுற்றிக்கொண்டே போயிற்று. திருச்சி–புதுக்கோட்டைப் பாதை 1929இலும், புதுக்கோட்டை–மானாமதுரைப் பாதை 1930இலும் திறக்கப்பட்ட பின்னரே சுற்று குறைந்தது. புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம்; 1948 மார்ச்சில்தான் இந்தியாவோடு இணைந்தது. எனவே அந்நாளில் திருச்சியிலிருந்து வந்த வண்டி பிரிட்டிஷ் சீமையிலிருந்து சமஸ்தானத்துக்குள் புகுந்து, திருமயம் தாண்டி மீண்டும் பிரிட்டிஷ் சீமைக்குள் சென்றது.

சிறு நிலையம் ஏன் அங்கே இருக்கிறது?

வண்டியில் செல்லும்போது, "இந்தப் பொட்டலில் ஏன் ஒரு நிலையம்?" என்று நாம் வியப்பதுண்டு. நிலையம் மக்கள் ஏறி இறங்குவதற்கு மட்டும் கட்டப்பட்டதன்று. ஒற்றைப் பாதையின் கணக்கு அதில் அடங்கியுள்ளது.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். இரு நிலையங்களுக்கு இடையே 20 கிலோமீட்டர் என்றும், வண்டியின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்றும் கொள்வோம். ஒரு வண்டி அந்தத் தூரத்தைக் கடக்க அரைமணி நேரம். அது போய்ச் சேரும்வரை எதிர்வண்டி கிளம்ப முடியாது; கிளம்பினால் அதற்கும் அரைமணி. ஆக, ஒரு மணியில் இரண்டே வண்டிகள். நட்ட நடுவே ஒரு நிலையம் கட்டி, அங்கே இரண்டாவது தண்டவாளம் ஒன்றைப் போட்டு, வண்டிகள் ஒன்றுக்கொன்று விலகும்படி செய்துவிட்டால் அரைமணி கால்மணியாகிறது; மணிக்கு நான்கு வண்டிகள் செல்லலாம். அந்த நடு நிலையத்தில் ஒரு பயணி கூட ஏறாமற் போனாலும், அது இல்லாவிட்டால் பெரிய ஊர்களுக்குச் செல்லும் வண்டிகள் பாதியாகக் குறையும்.

இவை 'கிராசிங்' நிலையங்கள். விலகும் தண்டவாளமோ கைகாட்டியோ இல்லாமல், வண்டி நின்று போவதற்கு மட்டும் உள்ளவை 'ஹால்ட்' எனப்படுபவை. இங்கே இரயில்வே ஊழியர் இருப்பதில்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் ஒப்பந்த முறையில் சீட்டு விற்று, அதற்குக் கழிவுத் தொகை பெறுவார்.

எதிர் எதிரே இரண்டு வண்டிகள் ஒரே பாதையில் புகாமல் காத்தது எது? பழைய நாளில் ஓர் இரும்பு உருண்டை. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் கம்பியால் இணைக்கப்பட்ட இரண்டு கருவிகள் இருக்கும். இரு நிலையத்தாரும் மணியடித்துப் பேசி ஒப்புக்கொண்டால்தான் ஒரு கருவியிலிருந்து ஓர் உருண்டை வெளிவரும். அதை ஓட்டுநரிடம் கொடுப்பார்கள். அந்த உருண்டை ஏதேனும் ஒரு கருவிக்குள் திரும்பப் போடப்படும் வரை மற்றோர் உருண்டை எதிலிருந்தும் வெளிவராது. அது கையில் இல்லாமல் எந்த ஓட்டுநரும் வண்டியை எடுக்கக் கூடாது. நிற்காமல் போகும் வண்டிக்கு அதைப் பையில் வைத்து, பெரிய வளையத்தில் கட்டி, நடைமேடையில் நின்று ஏந்திப் பிடிப்பார்கள். ஓட்டுநர் ஓடும் வண்டியிலிருந்தே கையை நீட்டிக் கவர்ந்துகொள்வார். இன்று மின்சாரச் சைகைகளும் புதிய கருவிகளும் வந்துவிட்டன. கொள்கை மட்டும் மாறவில்லை.

உச்சிப்புளியில் தேநீர்க் கடையொன்றில், ஓய்வுபெற்ற பாயிண்ட்ஸ்மேன் ஒருவரைச் சந்தித்தோம். "வண்டி வரும் வரைக்கும்தானே ஐயா உங்களுக்கு வேலை?" என்று என் நண்பர் கேட்டார். அவர் சிரித்துவிட்டு, "இல்லை தம்பி. வண்டி வர்றப்போ பயம் கிடையாது. கடைசிப் பெட்டியில வால்பலகை இருக்கான்னு பார்த்த பிறகுதான் எங்களுக்கு மூச்சே வரும்" என்றார். வண்டியின் ஒரு பகுதி கழன்று வழியிலேயே நின்றுவிட்டால், அடுத்த வண்டி அதன்மேல் மோதும். கடைசிப் பெட்டியின் அடையாளத்தைக் கண்ணால் கண்ட பிறகே, "பாதை காலி" என்று பின்னால் உள்ள நிலையத்துக்குச் சொல்லலாம். ஒவ்வொரு சிறு நிலையமும் ஒவ்வொரு வண்டியையும் முழுமையாகப் பார்த்து அனுப்பும் கண்ணாக இருந்தது.

மஞ்சள் பலகை சொல்லும் பாடம்

நடைமேடையின் இரு கோடிகளிலும் நிற்கும் மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயரோடு, கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்ற எண்ணும் எழுதப்பட்டிருக்கும். பலரும் அதைப் படிப்பதில்லை. எங்கள் பயணத்தில் நாங்கள் அதை நிலையந்தோறும் குறித்துக்கொண்டே வந்தோம். காரைக்குடி தாண்டிப் போகப் போக, எண் சிறுத்துக்கொண்டே வந்து, மண்டபத்தை நெருங்குகையில் ஒரு வீட்டின் உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. கடல் கண்ணுக்குத் தெரியுமுன்னரே பலகை அதை அறிவித்துவிடுகிறது.

ஊர்ப்பெயரும் பாடம் சொல்லும். காரைக்குடியை அடுத்துள்ள நிலையத்தின் பெயர் 'தேவகோட்டை ரோடு'. 'ரோடு' என்று முடிந்தால், "ஊர் இங்கே இல்லை, இங்கிறங்கிச் சாலை வழியே போக வேண்டும்" என்று பொருள். தேவகோட்டை போன்ற பெரிய ஊர் தண்டவாளத்துக்கு எட்டாமற் போனதையும், வண்டி தன் நேர்வழியை விடாமற் சென்றதையும் அந்த ஒரு சொல் கூறிவிடுகிறது.

பாறை நாட்டிலிருந்து பனை நாட்டுக்கு

புதுக்கோட்டையை விட்டால் நமணசமுத்திரம், அடுத்தது திருமயம். எங்கள் ஊரில் பார்க்க வேண்டியவை கோட்டையும், ஒரே குன்றைக் குடைந்தெடுத்த சத்தியமூர்த்திப் பெருமாள், சத்தியகிரீசுவரர் குடைவரைகளும். கோட்டை 1687இல் இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் ஆட்சியில் எழுந்தது. ஆகவே, திருமயத்துக்கும் சேது நாட்டுக்கும் உள்ள உறவு தண்டவாளத்தால் வந்ததன்று. அது முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தி 1887இல் பிறந்ததும் இவ்வூரில்தான். அவர் பிறந்தபோது இங்கு வண்டி இல்லை என்பதை மேலே கண்ட ஆண்டுகளிலிருந்து அறியலாம்.

அடுத்து செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடி. பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து கொண்டுவிற்கச் சென்ற நகரத்தார் ஊர்கள் இவை. கல்லல், சிவகங்கை தாண்டினால் மானாமதுரை. அங்கே மதுரைப் பாதை வந்து சேர்கிறது. கடம் என்னும் இசைக்கருவி செய்வதில் பேர்பெற்ற ஊர் அது. வைகைக் கரையை ஒட்டிச் சூடியூர், நெசவாளர் மிகுந்த பரமக்குடி, அப்பால் சத்திரக்குடி. இங்கே நிலம் மாறிவிடுகிறது. எங்கள் ஊரின் செம்மண்ணும் பாறையும் மறைந்து, கரிசலும் கண்மாயும் மிளகாய்க் காடும் வருகின்றன. பழம் உருண்டையாக இருக்கும் இராமநாதபுரம் முண்டு மிளகாய் விளையும் வட்டாரம் இது.

இராமநாதபுரம் கழிந்தால் வாலாந்தரவை, உச்சிப்புளி. மணலும் பனையும் தொடங்கும் இடம். உச்சிப்புளிக்கருகே 2009 முதல் கடற்படையின் விமானத்தளம் இயங்குகிறது. வாலாந்தரவையிலும் உச்சிப்புளியிலும் வண்டி நிற்கும் நேரம் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஆனால் அந்தக் குறுகிய பொழுதிலும் பனங்கிழங்குக் கட்டும் மீன்கூடையும் ஏறி இறங்குகின்றன. மீன்கூடையோடு ஏறிய மூதாட்டி ஒருவர், நாங்கள் நோட்டில் எழுதுவதைப் பார்த்து, "என்ன தம்பி, கணக்கெடுக்குறீங்களா? வண்டியை நிப்பாட்டப் போறாகளா?" என்று கேட்டார். "இல்லை ஆத்தா, நாங்க படிக்கிற பிள்ளைங்க" என்றேன். "அப்பச் சரி" என்று அமைதியானார். கையில் தாளோடு வருபவரைக் கண்டால் அவருக்கு முதலில் தோன்றுவது அந்த அச்சம். அந்த வினாவை நான் இக்கட்டுரையின் பிற்பகுதியில் எடுத்துக்கொள்கிறேன்.

மண்டபம் முகாம்

மண்டபத்துக்கு முந்தைய நிலையம் 'மண்டபம் கேம்ப்'. இப்பாதையில் நம் மாவட்டத்தாரின் மனத்தை மிகுதியும் தைக்க வேண்டிய நிலையம் இதுவென்பேன்.

இலங்கையின் தேயிலை, இரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் எடுத்தபோது திருச்சி, சேலம், இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் ஏழை மக்கள் பல்லாயிரவராகச் சென்றனர். கங்காணிகள் ஊரூராய் வந்து அழைத்துப் போனார்கள். அம்மை, காலரா, பிளேக் நோய்கள் இலங்கைக்குள் புகாதபடி இவர்களைச் சில நாட்கள் தனியே நிறுத்திச் சோதிப்பதற்காக, இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணிலேயே நடத்திய முகாம் இது. கடல் கடக்கும் செல்வர் அதே வண்டியில் தனுஷ்கோடிக்குப் போனார். தோட்டக் கூலி இங்கே இறக்கப்பட்டார். பாதை ஒன்றுதான், இறங்கும் நிலையத்தில் வர்க்கம் பிரிந்தது.

இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு ஆள் செல்வதை இந்திய அரசு 1939இல் தடை செய்தது. பின்னர் வரலாறு திரும்பிப் பாய்ந்தது. 1964இல் சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பது என 1974இல் முடிவு செய்யப்பட்டது. தாயகம் திரும்பியோர் பலர் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பின்பு பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். 1983க்குப் பின் இனக்கலவரத்துக்கு அஞ்சி வந்த ஈழத்தமிழருக்கும் இதுவே முதல் புகலிடமாயிற்று. இன்றும் அங்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ளது.

என் அப்பத்தாவின் பெரியம்மா ஒருவர் 'கண்டிச் சீமை'க்குப் போனவர். சிறுமியாகப் போய், பேரன் பேத்தி எடுத்துத் திரும்பினார். "போறப்பவும் மண்டபத்துல அடைச்சாக, வாறப்பவும் மண்டபத்துல அடைச்சாக. ரெண்டு தடவையும் 'நீ எந்த ஊரு'ன்னுதான் கேட்டாக" என்று அவர் சொன்னதாக அப்பத்தா கூறுவார். நூல்களில் படிக்கும் ஒப்பந்தங்களின் எண்களுக்கு உள்ளே இருப்பவர்கள் இப்படிப்பட்டவர்களே. நடைமேடையில் நின்று பார்த்தபோது, அந்த எளிய நிலையத்தில் இதையெல்லாம் சொல்ல ஒரு கல்வெட்டையும் நான் காணவில்லை.

பாம்பன்: பாலமும் நிலையமும்

மண்டபத்தைத் தாண்டியதும் இருபுறமும் நீர். வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. பழைய பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான நீளமுடையது. நடுவே கப்பல் செல்வதற்காக இரண்டு கைகளைப் போல் மேலே தூக்கித் திறக்கும் கண் ஒன்று இருந்தது. அதன் அமைப்பு ஷெர்சர் என்னும் அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் வழங்குவது. ஆட்கள் நெம்புகோல்களைச் சுற்றியே அதைத் திறந்து மூடினர். காற்றின் வேகம் அளவு மீறினால் சைகை தானே சிவப்பாகி, வண்டியை நிறுத்திவிடும் ஏற்பாடும் இருந்தது.

1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவுப் புயலில் பாலத்தின் பெரும்பகுதி உத்திரங்கள் கடலில் வீழ்ந்தன. தூக்குக் கண் மட்டும் தப்பிற்று. வீழ்ந்த உத்திரங்களைக் கடலிலிருந்தே மீட்டெடுத்து, 46 நாட்களில் பாலத்தைச் செப்பனிட்டார் ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளர். பின்னாளில் கொங்கண் இரயில்வேயிலும் தில்லி மெட்ரோவிலும் பெயர் பெற்றவர் அவரே. 1988இல் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை தீவு மக்களுக்குப் படகை விட்டால் இருப்புப்பாதையே கதி. எனவே அந்த 46 நாட்கள் வெறும் பொறியியல் சாதனையன்று. ஒரு தீவின் சோறும் மருந்தும் அதில் அடங்கியிருந்தன.

2007இல் அகலப்பாதையான அப்பாலத்தில் 2022 டிசம்பரில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. அருகே கட்டப்பட்ட புதிய பாலம் 6-4-2025 அன்று திறக்கப்பட்டது. இதன் நடுக்கண் 72.5 மீட்டர் நீளமுடையது. இரண்டாகப் பிளவாமல் அப்படியே மின்விசையால் 17 மீட்டர் மேலே ஏறுகிறது. இடைப்பட்ட இரண்டேகால் ஆண்டுகளில் இராமேசுவரம் வண்டிகள் மண்டபத்திலும் இராமநாதபுரத்திலும் நின்றுவிட்டன. 1902 முதல் 1914 வரை இருந்ததைப் போலவே, மண்டபம் என்னும் சிறு நிலையம் மீண்டும் பாதையின் முடிவாயிற்று. பெரிய பாலம் ஓய்ந்தபோது அந்தப் பாரத்தைத் தாங்கியது இந்தச் சிறு நிலையமே.

பாலம் கடந்ததும் பாம்பன் நிலையம். 1897 ஜனவரியில் மேல்நாட்டுப் பயணம் முடித்து இலங்கை வழியே வந்த சுவாமி விவேகானந்தர் தாயக மண்ணில் கால் வைத்தது பாம்பனில்தான். 1964 வரை இது ஒரு சந்திப்பு. ஒரு கிளை இராமேசுவரத்துக்கும் மற்றொன்று தனுஷ்கோடிக்கும் சென்றன.

பலகையில்லாத நிலையம்

தனுஷ்கோடிக்கு இப்போது வண்டியில் செல்ல இயலாது. 2017இல் அரிச்சல்முனை வரை திறக்கப்பட்ட சாலையில் நாங்கள் சென்றோம். ஒரு காலத்தில் அங்கே நிலையமும், சுங்கச் சாவடியும், அஞ்சலகமும், பள்ளியும், கோயிலும் மாதா கோயிலும் இருந்தன. அந்த டிசம்பர் இரவில் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் வண்டி, தனுஷ்கோடியை எட்டுமுன் அலையில் சிக்கி, அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோருடன் மறைந்தது. அதன்பின் அவ்வூர் குடியிருக்கத் தகாதது என்று அறிவிக்கப்பட்டது. பவளக்கல்லால் கட்டிய சில சுவர்களே மிச்சம்.

உலகில் இத்தகைய பாதை இது ஒன்றுமட்டுமன்று. அமெரிக்காவின் புளோரிடாவில் தீவுகளின் மேலாகக் கீ வெஸ்ட் வரை கடலில் போடப்பட்ட பாதை 1912இல் திறக்கப்பட்டு, 1935இல் புயலால் அழிந்தது. அதன் மேல் சாலைதான் வந்தது, வண்டி மீண்டும் வரவில்லை. இலங்கையின் தென்மேற்குக் கரையில் 26-12-2004 ஆழிப்பேரலையில் பெரலிய என்னுமிடத்தில் நின்ற வண்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே பாதை விரைவில் சீரமைக்கப்பட்டது. நமக்கு எதிர்க்கரையான தலைமன்னார்ப் பாதை 1990இல் போரினால் அழிந்து, 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்குப் புதிய பாதை போட 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் பாதை வரவில்லை. அழிந்த பாதை மீள்வதும் மீளாததும் இயற்கையை மட்டும் பொறுத்ததன்று. அங்கே மக்கள் இன்னும் வாழ்கிறார்களா, அவர்களுக்கு அது தேவையா என்பதையும் பொறுத்தது.

மற்றொரு கடற்கரைப் பாதை

நம் மாவட்டத்துக்கு இன்னொரு கடற்கரைப் பாதையும் உண்டு. காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி வழியாகத் திருவாரூர் செல்வது அது. தஞ்சை மாவட்டப் போர்டு மக்களிடம் வரி திரட்டிப் போட்ட பாதை என்பது இதன் தனிச் சிறப்பு. முத்துப்பேட்டை வரை 1894இலும், அறந்தாங்கி வரை 1903இலும் திறந்தார்கள். காரைக்குடியை எட்டியது 1952இல். 2012இல் அகலப்பாதையாக்க மூடப்பட்டு, முழுவதும் மீண்டும் திறக்க 2019 ஆயிற்று.

திறந்த புதிதில் வழியிலுள்ள கேட்டுகளுக்குக் காவலர் இல்லை. வண்டியிலேயே காவலர்கள் ஏறிச் சென்றனர். ஒவ்வொரு கேட்டிலும் வண்டியை நிறுத்தி, முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கிக் கேட்டைச் சாத்துவார். வண்டி கடந்து நிற்கும். பின்பெட்டிக் காவலர் இறங்கித் திறந்துவிட்டு ஏறுவார். ஏறக்குறைய 150 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேலாயிற்று. புதிய தண்டவாளம் போட்டால் மட்டும் போதாது, அதைக் காக்கும் ஆளும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வண்டி நிற்க வேண்டுமா?

இனி மீன்கூடை மூதாட்டியின் வினாவுக்கு வருவோம். சிறு நிலையங்களில் வண்டி ஏன் நிற்க வேண்டும்?

இரயில்வேயின் பக்கமும் நியாயம் உண்டு. அதை மறைத்து எழுதுவது முறையன்று. ஒரு வண்டி ஒரு நிமிடம் நிற்பதற்கு வேகம் குறைக்கவும் மீண்டும் வேகம் எடுக்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் நான்கைந்து நிமிடங்கள் போகும். பத்து இடங்களில் நின்றால் முக்கால் மணி. நெடுந்தூரப் பயணிக்கு அது இழப்பே. எரிபொருளும் மின்சாரமும் மிகுதியாகச் செலவாகும்.

ஆனால் மறுபக்கத்தையும் எடுத்துத் தராசில் வைக்க வேண்டும். கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நாடெங்கும் பயணிகள் வண்டிகள் நின்றன. அவை திரும்பி வந்தபோது பல சாதாரண வண்டிகள் விரைவு வண்டிகளாகி, குறைந்த கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. 2024 பிப்ரவரி இறுதியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. நம் வகுப்புகளில் நமணசமுத்திரத்திலிருந்தும் அதுபோன்ற ஊர்களிலிருந்தும் வரும் நண்பர்கள் உள்ளனர். போக 20, வர 20 என்று நாளொன்றுக்கு 40 ரூபாய் கூடுதல் என்றால் மாதம் இருபத்தைந்து நாளைக்கு 1,000 ரூபாய். நூறுநாள் வேலைக்குச் செல்லும் ஒரு தாயின் வருமானத்தில் 1,000 ரூபாய் என்பது பிள்ளை கல்லூரிக்கு வருவதா நிற்பதா என்பதைத் தீர்மானிக்கும் தொகை.

நிற்காத வண்டியைப் பற்றி இப்பாதையிலேயே ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் வண்டி நிற்பது நிறுத்தப்பட்டது. செய்தித்தாள் கட்டுகளை ஓடும் வண்டியிலிருந்து வெளியே எறிந்தார்கள். அவற்றைப் பொறுக்கி எடுத்து விநியோகிக்கத் தம் உறவினருக்குத் துணைபுரிந்து முதற்கூலி பெற்ற சிறுவரே, பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். இதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே கூறியுள்ளார். நிற்காத வண்டியிலிருந்தும் ஒரு கலாம் பிழைத்துக்கொண்டார் என்று நாம் மகிழலாம். ஆயினும், பிறகு அவர் இராமநாதபுரத்திலும் திருச்சியிலும் படித்தது நின்று போன வண்டிகளால்தான் என்பதை மறக்கலாகாது.

ஆகவே எல்லா வண்டிகளும் எல்லா ஊர்களிலும் நிற்க வேண்டும் என்று நான் கூறவில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பள்ளி, கல்லூரி, சந்தை நேரத்துக்குப் பொருந்தும்படி ஒவ்வொரு சிறு நிலையத்திலும் நின்று செல்லும் சாதாரண வண்டி இருந்தால் போதும். நிற்கும் நேரம் பொருந்தாவிட்டால் சீட்டு விற்காது; சீட்டு விற்கவில்லை என்று காட்டி நிறுத்தம் எடுக்கப்படும். இந்தச் சுழலில் நிலையம் செத்துப்போகிறது. எனவே நேரத்தைச் சீராக்கிப் பார்த்துவிட்டுத்தான் வருமானத்தைக் கணக்கிட வேண்டும்.

மாணவராகிய நாமும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மீட்டர்கேஜ் நாளில் பணிபுரிந்த பாயிண்ட்ஸ்மேன்களும் கேட்காரர்களும், மண்டபம் முகாமில் இறங்கியவர்களும், தனுஷ்கோடியில் பிறந்தவர்களும் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அனைவரும் முதியவர்கள். அவர்கள் சொல்வதை ஆளுக்கொரு நோட்டில், நாள், இடம் குறித்து எழுதி நம் கல்லூரி நூலகத்தில் வைப்போமானால், ஐந்தாண்டில் இப்பாதைக்கு ஒரு வரலாறு உருவாகிவிடும். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களிலேயே இதைத் தொடங்கலாம். உச்சிப்புளிப் பெரியவர் கூறியவற்றை எழுதிய முதல் நோட்டு என்னிடம் இருக்கிறது. அடுத்த நோட்டைத் தொடங்க முன்வருவோர் வரலாற்றுத் துறையில் என்னைக் காணலாம்.